பதிவு செய்த எண்

சென்ற வாரம் கோமதிநாயகம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "மகன் மஸ்கட்ல இருக்கான், கல்யாணத்துக்கு லீவு கிடைக்கிறது சந்தேகம்" என்று மகளுக்கு மாமியாராக வரப்போகும் சங்கரம்மாளிடம் அவர் சொன்னார். மகன் பாண்டியராஜன் இருப்பதோ ஒரு மணி நேர பஸ் தூரத்தில், ராஜபாளையத்தில்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் வீட்டில் யாரும் சம்மதிக்காமல் சண்முகப்ரியாவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். "இனி அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா நான் மனுஷனே இல்ல" என்று அன்றைக்கு அப்பா சொன்னார். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். ஒரு தடவை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால், அவர் சொல்லாமல் வேறு யாரும் அதைத் திரும்ப மாட்டக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மகள் அபிதாவுக்குப் பட்டும் நகையும் எடுக்கும் நாள். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது. அதற்குள் நகைக்கு பில் போட்டு, பெட்டியைச் சம்பந்தியம்மாள் கையால் அபிதாவிடம் கொடுக்க வேண்டும். ராயகிரியிலிருந்து காலை எட்டரைக்கே சங்கரம்மாள் வந்து இறங்கிவிட்டார். வந்ததும் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

ஜவுளிக்கடையில் முதல் சோதனை. ஐம்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் பில். கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து ராஜகம்பீரமாக நீட்டினார். மிஷின் அதை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றது.

"கார்பன் பிடிச்சிருக்கும். ஒருக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார் அவர்.

கடைக்காரர் முகம்மது ஹுசைன் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துணியால் துடைத்தார். "அண்ணாச்சி, சிப்பு மேல சந்தனமும் குங்குமமும் வச்சிருக்கு. மிஷினுக்கு எப்படிக் கண்ணு தெரியும்?"

மனைவி நிர்மலாதேவி தலையைக் குனிந்துகொண்டார். மகள் கல்யாணத்துக்கு முதல் செலவு. காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டபோது, கார்டில் மஞ்சளாக மின்னிய அந்தச் சின்னக் கட்டம் பொட்டு வைக்கிற இடம் மாதிரி அவருக்குத் தெரிந்தது.

"தொண்ணூறு ரூபா காராச்சேவுக்கெல்லாம் கார்டைத் தேய்க்கிறவ. பட்டுக்கு எடுக்கும்போது பொட்டு வச்சு மூடிட்டா" என்று கோமதிநாயகம் சம்பந்தியம்மாள் காதில் விழும்படியே சொன்னார். அது பங்குனியில் நடந்தது. கணவர் சட்டைப் பையில் சில்லறை இருந்தும் நிர்மலாதேவி பிடிவாதமாகக் கார்டில்தான் காராச்சேவு வாங்கினார். கோமதிநாயகம் இன்னும் அதை மறக்கவில்லை.

இரண்டாவது தடவை பணம் போனது. எல்லோரும் சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து எதிரே இருந்த நகைக்கடையின் மாடிக்கு ஏறினார்கள். அபிதா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனுக்குச் சொல்லாமல் தனக்குப் பட்டு எடுத்தது அவளுக்கு உறுத்தியது.

நகைக்கடை புதிது. வேலை பார்க்கிறவர்கள் யாரும் உள்ளூர் இல்லை. "கோமதிநாயகம் அண்ணாச்சியா, நாளைக்குக் குடுங்க" என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

ஆரம், ஒரு ஜோடி வளையல், மாப்பிள்ளை லிங்கேஷுக்கு ஒரு மோதிரம். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. பில் போடும் பெண் கோமதித்தாய் மிஷினை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். நான்கு எண்ணை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துச் சங்கரம்மாள் கேட்டார். "அண்ணே, மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வாரது பொண்ணோட கூடப் பொறந்தவன்லா? மஸ்கட்லேருந்து தம்பி வரலேன்னா யாரு செய்யப்போறா?"

கோமதிநாயகம் மிஷினைப் பார்த்துக் குனிந்தார். ரகசிய பின் நம்பராகப் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள் என்று வங்கிக்காரர்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். இவர் வைத்திருந்தது மகன் பிறந்த வருடம், 1994. எட்டு மாதமாகப் பேச்சில்லை என்றாலும் மாத்திரைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அவர் அழுத்தியது அந்த நான்கு எண்ணைத்தான். இப்போது கண்ணுக்குள் அது தெரிந்ததும் விரல் வேறு எங்கோ போனது.

"தப்பு சார்" என்றாள் கோமதித்தாய்.

மறுபடி அழுத்தினார். மறுபடியும் தப்பு.

அபிதா சட்டென்று மிஷின் மேல் கையை வைத்தாள். "யப்பா, போதும். மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா இன்னிக்கு முழுக்க லாக் ஆயிரும். செத்த நேரம் உக்காருங்க."

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காபி வந்தது. சங்கரம்மாள் ஆரத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தார், வைத்தார், மறுபடி தூக்கினார். பதினைந்து நிமிடம் போனது. கோமதிநாயகம் எழுந்து வந்து, ஒவ்வொரு எண்ணாக, பள்ளிப் பிள்ளை போல அழுத்தினார். ஒன்று, ஒன்பது, ஒன்பது, நான்கு.

நம்பர் சரிதான். மிஷின் மட்டும் சரி சொல்லவில்லை.

"டிக்ளைன்னு வருது சார். பேங்குலயே நிறுத்தியிருக்கு."

"பணம் இருக்கும்மா. நாலரை லட்சம் இருக்கு. வெள்ளிக்கிழமை நானே போயி லிமிட்டை ஏத்திட்டு வந்தேன்" என்றார். அவர் குரல் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் கம்மல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள்.

"அதுக்கென்ன அண்ணே, நாங்க போடுதோம். அப்புறமா குடுங்க" என்று சங்கரம்மாள் கைப்பையைத் திறந்தார்.

அந்த வார்த்தை கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பெண் வீட்டு நகைக்கு மாப்பிள்ளை வீட்டுக் காசா? கல்யாணம் முடிந்து பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்தக் கதை ராயகிரியில் ஓடும். "வேண்டாம் சம்பந்தியம்மா, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் மூவரும் நின்றார்கள். மணி பதினொன்று பதினைந்து.

ஞாயிற்றுக்கிழமை வங்கி கிடையாது. கார்டின் பின்னால் இருந்த எண்ணுக்கு அபிதா அப்பாவின் போனிலிருந்து அழைத்தாள். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று ஏழெட்டு நிமிடம் சுற்றவிட்ட பிறகு ஒரு மனிதக் குரல் கிடைத்தது. அபிதா பாதியில் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் பிறந்த தேதி, ஊர் எல்லாம் சொன்னார். பிறகு அவர் முகம் மாறியது.

"என்ன சொல்லுதாங்க?" என்றார் நிர்மலாதேவி.

"காலையில பத்து ஐம்பத்தி ரெண்டுக்கு கார்டை நிறுத்தச் சொல்லி மெசேஜ் போயிருக்காம். பதிவு செஞ்ச நம்பர்லேருந்து." கோமதிநாயகம் சுவரில் சாய்ந்துகொண்டார். "அது அவன் நம்பர்லா?"

அவன் நம்பர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் கணக்குத் தொடங்கியபோது கோமதிநாயகமே கொடுத்த நம்பர். இங்கிலீஷில் வருகிற மெசேஜையெல்லாம் யார் படிக்கிறது, மகன் பார்த்துக்கொள்வான் என்று எல்லா அப்பாக்களும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். சண்டைக்குப் பிறகு மாசி மாதத்தில் நம்பர் மாற்றும் படிவத்தை வாங்கிக் கையெழுத்தும் போட்டு வைத்தார். அது எங்கோ காணாமல் போய்விட்டது. முந்தாநாள்கூட வங்கி அதிகாரி சங்கரசுப்பிரமணியன், "நம்பரை மாத்திருங்க அண்ணாச்சி" என்று சொல்லத்தான் செய்தார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்.

"பழி வாங்கிட்டான்" என்றார் கோமதிநாயகம். "தங்கச்சி கல்யாண நகையில வந்து கையை வைக்கான் பாரு. எம் மேல கோபம்னா எங்கிட்ட காட்டணும்."

"அவன் அப்படிச் செய்யிற பிள்ளையில்ல" என்றார் நிர்மலாதேவி.

"பின்ன யாரு, நான் செஞ்சேனா?"

போனை வாங்கிக் கேட்ட அபிதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "சண்டையை அப்புறமா போடுங்க. இப்ப அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்புவாங்களாம். அதை இந்தப் போன்ல அழுத்துனா கார்டைத் திறந்துவிடுவாங்க. பத்து நிமிஷம்தான் செல்லும். அனுப்பச் சொல்லவா, வேண்டாமா?"

கோமதிநாயகம் மேலே பார்த்தார். மாடியில் சங்கரம்மாள் யாரிடமோ மணி கேட்கும் சத்தம் வந்தது.

"நீயே பேசு. என்னைப் பேசச் சொல்லாத" என்றார் கடைசியில்.

அனுப்பச் சொல்லிவிட்டு, அந்த அழைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டாள் அபிதா. அம்மா தன் போனை நீட்டினார். அதில் அண்ணன் நம்பர் இல்லை. அப்பா அழித்துவிட்டிருந்தார். நிர்மலாதேவி பத்து எண்ணையும் பார்க்காமல் அழுத்தினார். பிறகு மூவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

ஒரே மணியில் எடுத்தான்.

"யம்மா! அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"அண்ணே, நான் அபிதா. அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உனக்கு இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லு."

பாண்டியராஜனின் குரல் மாறியது.

"யாரு பேசுதது?"

"நாந்தாண்ணே."

"அபிதா மாதிரி யாரு வேணும்னாலும் பேசலாம். இப்ப கம்ப்யூட்டரே அம்மா குரல்ல பேசுது. எங்க மில்லுல ஒருத்தருக்கு எண்பதாயிரம் போச்சு. வெள்ளிக்கிழமை லிமிட்டை அஞ்சு லட்சமா ஏத்துனதா மெசேஜ். இன்னிக்குக் காலையில பட்டுக்கடையில அம்பத்தெட்டாயிரம். அப்புறம் நகைக்கடையில ரெண்டு தடவை பின் நம்பர் தப்பு. எங்கப்பாவுக்கு அந்த நம்பர் தப்பாது. எவனோ கார்டைத் திருடிட்டான்னுதான் நிறுத்துனேன். அப்பாவுக்குப் போன் போட்டா போகல, என் நம்பரைத் தடுத்து வச்சிருக்காரு. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் அடிச்சா லைனே கிடைக்கல. நேர்லயே வந்துரலாம்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன்."



அவன் நிறுத்தவில்லை. எட்டு மாதமாகப் பேசாததெல்லாம் சேர்ந்து வந்தது. "மாசா மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள நானூத்தி இருபதுக்கு மாத்திரை வாங்குவாரு. இந்த மாசம் இன்னும் வாங்கல. எனக்கு நாலு நாளா தூக்கமில்ல. எம் பொறந்த நாளைக்கு மட்டும் அம்மா காராச்சேவு வாங்குனாங்க. தொண்ணூறு ரூபா. மெசேஜைப் பார்த்ததும் எனக்குத்தான் வாங்கியிருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ப்ரியாகிட்ட காட்டுனேன்."

கோமதிநாயகம் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். நிர்மலாதேவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"நம்ம வீட்டுல யாரு அம்பத்தெட்டாயிரத்துக்குப் பட்டு எடுக்கப்போறா? எல்லாத்தையும் யோசிச்சுத்தான் நிறுத்துனேன்."

"எனக்குத்தான்ணே" என்றாள் அபிதா.

"உனக்கு எதுக்கு?"

அவன் புரிந்துகொள்வதற்கு எடுத்துக்கொண்ட அந்த நேரம் மூன்று பேருக்கும் வேதனையாக இருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களைக் கத்தினார்.

"கல்யாணமா?" என்றான். "எப்ப?"

"ஆவணியில. முதல்ல நம்பரைச் சொல்லுண்ணே. நாலு நிமிஷம் போயிருச்சு."

"சொல்லுதேன். ஆனா கணக்கு அப்பாவோடது. அவரு குரலைக் கேட்டாத்தான் சொல்லுவேன். ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, தெரியும்லா?"

பேசுவது தங்கைதான் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கென்னவோ தெரிந்துதான் கேட்டான் என்று தோன்றுகிறது. அபிதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

கோமதிநாயகம் அதை ஷாக் அடிக்கிற கம்பியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நிர்மலாதேவி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

"ஏலே" என்றார். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "ஏலே... நாந்தாம்லே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாத்திரை வாங்கியாச்சு. ரொக்கமா குடுத்து வாங்குனேன். நீ தூங்காம கெடக்காத" என்றார்.

"சரிப்பா. எழுதிக்கோங்க." அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆறு எண்கள். அபிதா அப்பாவின் போனில் அழுத்தினாள். "உங்கள் கார்டு மீண்டும் இயங்கும்" என்று வங்கிக் குரல் சொன்னதும் அந்த அழைப்பைத் துண்டித்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். மாடிப்படியின் மேலே சங்கரம்மாள் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"யாரு, மஸ்கட் தம்பியா?" என்றார்.

நிர்மலாதேவி அவசரமாக "ஆமா மதினி..." என்று தொடங்கினார். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கோமதிநாயகம் கையைக் காட்டி மனைவியை நிறுத்தினார். "இல்ல சம்பந்தியம்மா. மஸ்கட்டு நான் சொன்ன பொய்யி. எம் மகன் ராஜபாளையத்துல மில்லுல சூப்பர்வைசரா இருக்கான். அவனா ஒரு பொண்ணைப் பார்த்துக் கட்டிக்கிட்டான். நான்தான் வீட்டுக்கு வரக் கூடாதுன்னு சொன்னேன்."

சங்கரம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கி வாசலுக்குப் போனார். அவர் செருப்புச் சத்தம் படியில் நிதானமாகக் கேட்டது.

"அப்பா, நான் அப்புறமா பேசுதேன்" என்று பாண்டியராஜன் வைத்துவிட்டான்.

மணி பதினொன்று முப்பத்தெட்டு. கோமதிநாயகம் மாடியேறிப் போய்க் கார்டைக் கொடுத்தார். 1994 என்று அழுத்தினார். இந்தத் தடவை விரல் தவறவில்லை. ஸ்லிப் வந்தது. நகைப் பெட்டியை அபிதா வாங்கிக்கொண்டாள். ஆனால் அதைத் தன் கையால் கொடுக்க வேண்டிய சங்கரம்மாள் இன்னும் திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே, கீழே வாசலில், காதில் போனை வைத்தபடி அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

நிர்மலாதேவி கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். நம்பர் மாற்றும் படிவம். மாசி மாதத்தில் அவர் போட்ட கையெழுத்து அதில் இருந்தது.

"காணாமப் போகல. நான்தான் வச்சிருந்தேன்" என்றார். "நீங்க பேச மாட்டிய, என்னையும் பேச விட மாட்டிய. நாம இருக்கோம், சாப்பிடுதோம், மாத்திரை போடுதோம்னு அவனுக்கு வேற எப்படித் தெரியும்? இப்ப வேணும்னா நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. வராததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். "எங்கூட வா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கித் தெருவைக் கடந்து ஜவுளிக்கடைக்குள் போனார். அம்மாவும் மகளும் என்னவோ ஏதோவென்று பின்னால் ஓடினார்கள்.

"மாப்பிள்ளைக்கு எடுத்தமே, அதே கரையில இன்னொரு பட்டு வேட்டியும் சட்டையும் குடுங்க. சீக்கிரம், பன்னெண்டுக்குள்ள பில்லு போடணும்" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று முகம்மது ஹுசைன் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு மாலை போடுதவனுக்கு."

அபிதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நிர்மலாதேவி அழுவதை மறைக்கக்கூட முயலவில்லை.

"ரொக்கமா, கார்டா?"

"கார்டுதான். கார்டுலதான் எடுக்கணும்."

மூவாயிரத்து இருநூறு ரூபாய். மிஷின் ஸ்லிப்பைத் துப்பிய அடுத்த நிமிடமே நிர்மலாதேவியின் போன் அடித்தது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றவனுக்கு மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே நேரத்தில் கடை வாசலில் சங்கரம்மாள் வந்து நின்றார். முகத்தில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த போனைக் கோமதிநாயகத்தின் பக்கம் நீட்டினார். "எங்க வீட்டுக்காரரு லைன்ல இருக்காரு. உங்ககிட்ட நேராப் பேசணுமாம்."

"அண்ணாச்சி, சட்டை என்ன அளவு? நாப்பதா, நாப்பத்தி ரெண்டா?" என்று கடைக்காரர் நாடாவோடு காத்திருந்தார்.

எட்டு மாதத்தில் மகன் இளைத்திருக்கிறானா பெருத்திருக்கிறானா என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியாது. அவர் சங்கரம்மாளின் போனை வாங்கினார். காதில் வைப்பதற்கு முன்னால் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ அதை எடுட்டி. அவன்கிட்ட அளவைக் கேளு."